துணை இருந்தால் பழக்கம் நிலைக்கும்



முன்னெல்லாம் மோட்டார் போட வரப்பு வரப்பாக நடந்தோம். இப்போது திண்ணையில் இருந்தபடியே செல்போனில் போட்டுவிடுகிறோம். உழவுக்கு டிராக்டர், காட்டுக்குப் போக வண்டி. பாடு குறைந்தது நல்லதுதான். கூடவே நடையும் குறைந்துபோச்சு. அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறவர்களுக்கோ நாள் முழுக்க உட்கார்ந்த வேலை.

சின்ன வெங்காயத்தில் அடி அழுகல் தெரியுமல்லவா? தாள் மஞ்சளாகும்போது மண்ணுக்குள் கெடுதல் நடந்திருக்கும். இரத்தக் கொதிப்பும் அப்படித்தான். வலி காட்டாது, ஒருநாள் பக்கவாதமாக வந்து நிற்கும். ஆகவே அளந்து பார்ப்பது ஒன்றே வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அளக்கிறார்கள். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பிறகு கையைக் கொடுங்கள். அளவு 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் என்று திரும்பவும் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்தது நடை. வாரம் 150 நிமிஷம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். தனியாகக் கிளம்புகிறவர் நாலாம் நாள் போர்வையை இழுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் காத்து நின்றால் எழுந்துதானே ஆகணும்? நாலைந்து பேர் சேருங்கள், ஏரிக்கரையில் நடங்கள். வராதவருக்கு ஒரு போன் போடுங்கள்.

எத்தனை அடி நடந்தோம் என்று பல செல்போன்களே எண்ணிச் சொல்லும். ஜப்பானில் 1965-இல் ‘பத்தாயிரம் அடி’ என்ற பெயரில் அடி எண்ணும் கருவி வந்தது. அது விற்பனைக்கு வைத்த பெயர்தான். மருத்துவக் கணக்கு இல்லீங்க. போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சம் கூடினால் அதுவே லாபம்.

உப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வரணும். ஊறுகாய், கருவாடு, வடகம் சேர்ந்தால் இன்னும் கூடுதல் நாள் வரணும். பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

மாத்திரை நேரத்துக்குச் செல்போனில் மணி வையுங்கள். போன் பழகாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் ஞாபகப்படுத்தட்டும். ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான். செல்போனில் சுற்றி வரும் கைமருந்துகளை நம்பியும் நிறுத்த வேண்டாம்.

நடையைக் குறைத்த செல்போனை நடக்க வைக்கவும் பயன்படுத்துவோம். நாளைக் காலை யாரை அழைக்கப் போகிறீர்கள் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள்.