தளத்தினுள் மறைந்த ஈரமும் வெப்பப் படக் கருவியும்

கட்டடத்தின் குறைகளுள் கண்ணுக்குத் தெரிபவை சில, தெரியாதவை பல. பள்ளிக்கூடத் தளத்தின் அடியில் ஈரக்கறை தோன்றும்போது, உள்ளே இரும்புக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிப் பலகாலம் ஆகியிருக்கலாம். துரு ஏறிய கம்பி பருக்கும். அதனால் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். அதன்கீழ் அமர்ந்திருப்போர் நம் குழந்தைகள். ஆதலின் கசிவை முன்னதாக அறிதல் இன்றியமையாதது. அதற்குத் துணைபுரிவதே வெப்பப் படக் கருவி.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தி, சிவப்பு நிறத்துக்கு அப்பால் ஒளி தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் சூடு ஏறிற்று. அக்கதிர்களையே அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம். எல்லாப் பொருள்களும் தத்தம் சூட்டுக்கேற்ப இவற்றை வெளியிடுகின்றன. கருவி அச்சூட்டின் ஏற்றத்தாழ்வை நிற வேறுபாடாகத் திரையில் காட்டுகிறது.

மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானை குளிர்வதை யாவரும் அறிவோம். ஈரச் சுவரும் அவ்வாறே குளிர்ந்து தெரியும். மொட்டைமாடியில் நிலைமை வேறு. மழை ஓய்ந்து வெயிலடித்த நாளில், நீர் கோத்த பகுதி பொழுது சாய்ந்தபின் மெதுவாகவே ஆறும். முன்னிரவில் மேலிருந்து நோக்கினால் அது சூடாகத் தெரியும். சுவிட்சுப் பலகையில் தளர்ந்துபோன மின் இணைப்பும் சூடாகத் தெரியும். விளக்கும் விசிறியும் இயங்கும்போது சோதித்தால்தான் இது புலப்படும்.

ஆயினும் இக்கருவி சுவரை ஊடுருவிப் பார்ப்பதன்று. மேற்பரப்பின் சூட்டையே காட்டுவது. நிழல் விழும் இடமும் குளிர்ந்தே தெரியும். பளபளப்பான தகரமோ எதிரிலுள்ள பொருளின் சூட்டைப் பிரதிபலித்து ஏமாற்றும். எனவே படத்தை மட்டும் நம்பி இடித்தல் கூடாது. ஈரமானியால் சோதித்து, நீர் வரும் வழி அடைபட்ட மழைநீர்க் குழாயா, தட்டோட்டு இடுக்கா, தரையிலிருந்து ஏறும் ஓதமா என்று பொறியாளர் தெளிவாக்க வேண்டும்.

நாம் பார்வையிடச் செல்லும் இடங்களில், கசிவின்மேல் வெள்ளையடித்து மறைத்திருப்பதைக் காண்கிறோம். அடுத்த மழையில் அக்கறை மீண்டும் தோன்றும். ஊராட்சிப் பணமும் மீண்டும் செலவாகும். காரணம் அறிந்தபின் செலவுக்குத் தீர்மானம் இயற்றுவதே முறை. கருவி கிடைக்காத ஊரிலும், மழை நின்ற மறுநாள் உறுப்பினர்கள் மாடியேறி நீர் தேங்கும் இடத்தைக் குறித்து வைக்கலாம். கறை காணும் இடத்தின் கீழே குழந்தைகளை அமர்த்தாதிருப்பது முதற்கடமையாகும்.