இந்தியா அனுப்பாத பாட்டு ஆஸ்கர் வாங்கியது எப்படி? 'நாட்டு நாட்டு' தாண்டிய 4 கட்டங்கள்

ஆஸ்கர் சீசன் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் சுற்ற ஆரம்பிக்கும். "நம்ம தமிழ்ப் படம் ஆஸ்கருக்குத் தேர்வாகிவிட்டது, பெருமையோடு பகிருங்கள்" என்று. 2021-இல் 'சூரரைப் போற்று', 2022-இல் 'ஜெய் பீம்', 2025-இல் 'கங்குவா' என ஒவ்வொரு முறையும் இதே கொண்டாட்டம்தான்.

இந்த மூன்று படங்களும் ஆஸ்கர் பட்டியலில் இருந்தது உண்மை. ஆனால் அது போட்டிக்குத் தகுதியான படங்களின் பட்டியல். 2021-இல் அதில் 366 படங்கள் இருந்தன. அதற்கும் விருதுக்கும் நடுவில் இன்னும் நிறைய தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தை முழுசாகக் கடந்து காட்டியது ஒரு பாட்டு. 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் 'நாட்டு நாட்டு'. அது எப்படிப் போனது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை வரும் மெசேஜை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

இது நாடுகளுக்கு இடையே நடக்கும் போட்டியா?

இல்லை. நாடுகள் பாட்டு அனுப்பி மோதுகிற போட்டி என்றால் அது யூரோவிஷன். 1956-இல் தொடங்கியது. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு என்பது கணக்கு. ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஆஸ்திரேலியா கூட 2015 முதல் கலந்துகொண்டது. இந்தியா அதில் பாடியதே இல்லை.

ஆஸ்கரில் கதை வேறு. சிறந்த சர்வதேசப் படம் என்ற ஒரே ஒரு பிரிவுக்குத்தான் ஒவ்வொரு நாடும் ஒரு படத்தை அனுப்பும். பாட்டு, நடிப்பு, ஒளிப்பதிவு போன்ற மற்ற பிரிவுகளுக்கு நாட்டின் சிபாரிசு தேவையில்லை. படத்தைத் தயாரித்தவர்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

இந்தியா அனுப்பியது எந்தப் படம்?

2022 செப்டம்பரில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு தேர்வு செய்தது 'செல்லோ ஷோ' என்ற குஜராத்திப் படத்தை. 'ஆர்.ஆர்.ஆர்.' இல்லையா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. 'செல்லோ ஷோ' சர்வதேசப் பிரிவில் கடைசி 15 படங்கள் வரை போனது. இறுதி 5-இல் இடம் கிடைக்கவில்லை.

'ஆர்.ஆர்.ஆர்.' குழு நேரடி வழியைப் பிடித்தது. அங்கிருந்துதான் பாட்டின் பயணம் தொடங்குகிறது.

கட்டம் 1: அமெரிக்கத் தியேட்டர்

ஆஸ்கர் விதிப்படி ஒரு படம் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், டல்லாஸ் உள்ளிட்ட 6 அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளில் ஏதாவது ஒன்றில் தொடர்ந்து 7 நாள் தியேட்டரில் ஓடியிருக்க வேண்டும். இது நம்ம படங்களுக்குப் பெரிய தடை இல்லை. தமிழர், தெலுங்கர் அதிகம் வசிக்கும் இந்த ஊர்களில் நம்ம ஸ்டார் படங்கள் வழக்கமாகவே ரிலீஸ் ஆகின்றன.

2022 மார்ச் 25-இல் வெளியான 'ஆர்.ஆர்.ஆர்.', இந்திய ரசிகர்களோடு நின்றுவிடவில்லை என்பதுதான் வித்தியாசம். ஜூன் 1-ஆம் தேதி அமெரிக்கத் தியேட்டர்களில் மறுபடியும் சிறப்புக் காட்சி போட்டார்கள். தெலுங்கு தெரியாத அமெரிக்கர்கள் சப்டைட்டிலோடு வந்து உட்கார்ந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த காட்சியில் இந்தப் பாட்டு வந்ததும் எழுந்து ஸ்கிரீன் முன்னால் போய் ஆடினார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் வசிக்கும் ஊரிலேயே பாட்டு பேச்சானது.

கட்டம் 2: 81-இல் இருந்து 15

அந்த ஆண்டு பாடல் பிரிவில் தகுதி பெற்றவை மொத்தம் 81 பாட்டுகள். இதைக் கேட்டு ஓட்டுப் போடுவது அகாடமியின் இசைப் பிரிவு உறுப்பினர்கள் மட்டும்தான். அதாவது இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் மாதிரி ஆட்கள். டிசம்பர் 21-இல் 15 பாட்டுகளின் பட்டியல் வந்தது. 'நாட்டு நாட்டு' உள்ளே இருந்தது.

கட்டம் 3: 15-இல் இருந்து 5

இதுவும் இசைப் பிரிவின் ஓட்டுதான். இந்தச் சமயத்தில்தான், ஜனவரி 10-ஆம் தேதி, கோல்டன் குளோப் விருதும் இந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. ஜனவரி 24-இல் இறுதி 5 பாட்டுகள் அறிவிக்கப்பட்டன. "நாமினேஷன்" என்று சொல்வது இதைத்தான். கூட நின்றவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'டாப் கன்: மேவரிக்' படத்துக்காக லேடி காகா, 'பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்' படத்துக்காக ரிஹானா.

கட்டம் 4: எல்லாரும் போடும் ஓட்டு

கடைசிச் சுற்றில் நடிகர், இயக்குநர், எடிட்டர் என எல்லாப் பிரிவு உறுப்பினர்களும் ஓட்டுப் போடலாம். 9,000-க்கும் மேற்பட்டவர்கள். அதிக ஓட்டு வாங்கிய பாட்டுக்கு விருது. இசைக்காரர்களுக்குப் பிடித்தால் மட்டும் இங்கே பத்தாது. தியேட்டரில் ஆடவைத்தது கைகொடுத்த இடம் இதுதான்.

இந்திய நேரப்படி 2023 மார்ச் 13 காலையில் முடிவு வந்தது. இசையமைப்பாளர் கீரவாணியும் பாடலாசிரியர் சந்திரபோஸும் மேடை ஏறினார்கள். நம்ம ஊரில் 'மரகதமணி' என்ற பெயரில் 'அழகன்' படத்துக்கு இசையமைத்த அதே கீரவாணிதான்.

'நாட்டு' என்றால் தெலுங்கிலும் நம்ம அர்த்தம்தான். உள்ளூர், மண்ணோட சரக்கு. நாட்டுக்கோழிக்கும் பிராய்லருக்கும் வித்தியாசம் தெரிந்த நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

'ஜெய் ஹோ' ஏற்கெனவே வாங்கவில்லையா?

வாங்கியது. 2009-இல் ஏ.ஆர்.ரஹ்மானும் பாடலாசிரியர் குல்சாரும் இதே விருதை வென்றார்கள். ஆனால் 'ஸ்லம்டாக் மில்லியனர்' பிரிட்டிஷ் இயக்குநர் டேனி பாயிலின் பிரிட்டிஷ் தயாரிப்பு. இந்தியத் தயாரிப்பில் உருவான படத்தின் பாட்டு வென்றது 'நாட்டு நாட்டு'வில்தான் முதல் முறை.

2009-இல் இறுதிச் சுற்றுக்கு வந்ததே 3 பாட்டுகள். அதில் இரண்டு ரஹ்மானுடையவை. இரண்டாவது பாட்டில் அவரோடு சேர்ந்து நாமினேட் ஆனவர் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்த ஈழத்தமிழ்ப் பெண்.

தமிழ்ப் பாட்டு இதுவரை போயிருக்கிறதா?

போயிருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 2013-இல் 'லைஃப் ஆஃப் பை' படத்தில் வரும் தமிழ்த் தாலாட்டு இறுதி 5-க்குள் வந்தது. வரிகளை எழுதிப் பாடியவர் பாம்பே ஜெயஸ்ரீ, இசை மைக்கேல் டன்னா. அந்த ஆண்டு விருது அடேல் பாடிய 'ஸ்கைஃபால்' பாட்டுக்குப் போனது.

ஆக, மொழி தடை இல்லை. தமிழிலேயே எழுதி, தமிழிலேயே பாடி அந்தப் படி வரை ஏறியாச்சு. ஆனால் அது ஹாலிவுட் படம். தமிழ்ப் படம் ஒன்றின் பாட்டு இன்னும் அந்த இறுதி 5-க்குள் வரவில்லை.

ரீமிக்ஸ், கிராமியப் பாட்டு போட்டிக்குப் போகுமா?

போகாது. வரியும் மெட்டும் அந்தப் படத்துக்காகவே புதிதாக உருவாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. கொங்குப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பாடி வரும் வள்ளி கும்மிப் பாட்டை அப்படியே எடுத்துப் படத்தில் வைத்தால், அது எவ்வளவு ஹிட் ஆனாலும் இந்தப் பிரிவில் இடமில்லை. கும்மியின் தாளத்தை உள்வாங்கி, புது வரி, புது மெட்டு போட்டால் வழி உண்டு.

இன்னொரு விதி: படத்தின் ஓட்டத்தில் அந்தப் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் படம் முடிந்து பெயர் ஓடும்போது வரும் முதல் இசையாக இருக்க வேண்டும். புரமோஷனுக்கு மட்டும் யூடியூபில் விடும் பாட்டு கணக்கில் வராது.

விருது யார் கைக்குப் போகும்?

இசையமைத்தவர், பாட்டு எழுதியவர் இருவருக்கு மட்டும். 'நாட்டு நாட்டு'வைப் பாடிய ராகுல் சிப்லிகஞ்ச், கால பைரவா இருவரும் ஆஸ்கர் மேடையில் பாடினார்கள், ஆனால் சிலை அவர்களுக்கு இல்லை. உலகமே ஆடிய அந்த ஸ்டெப்பை அமைத்த பிரேம் ரக்ஷித்துக்கும் இல்லை. நடன அமைப்புக்கு அங்கே தனிப் பிரிவே கிடையாது.

மெசேஜ் வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

- "தகுதிப் பட்டியல்" என்றால், விண்ணப்பம் ஏற்கப்பட்டது, அவ்வளவுதான்.
- "ஷார்ட்லிஸ்ட்" என்றால், பாடல் பிரிவில் கடைசி 15.
- "நாமினேஷன்" என்றால், கடைசி 5. கொண்டாட வேண்டிய இடம் இதுதான்.
- "இந்தியா சார்பில் அனுப்பப்பட்ட பாட்டு" என்று இருந்தால், அந்த மெசேஜை ஃபார்வேர்டு பண்ணாதீர்கள். அப்படி ஒன்று ஆஸ்கரில் இல்லை.