வலித்த நேரத்திலேயே எழுதுங்கள்

"போன வாரம் வலி எப்படி இருந்தது?" என்று டாக்டர் கேட்கிறார். நாம் சொல்வது வாரம் முழுவதின் கணக்கு அல்ல. தாங்க முடியாமல் போன ஓர் இரவும் இன்று காலை இருந்த வலியும்தான் நாக்கில் வருகின்றன. 1996-இல் ரெடல்மையர், கானமன் என்ற ஆய்வாளர்கள் குடலுக்குள் குழாய் விட்டுப் பரிசோதிக்கப்பட்டவர்களிடம் இதையே கண்டார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பது நினைவில் நிற்கவில்லை. வலியின் உச்சமும் முடிவும் மட்டுமே நின்றன.

நோட்டுக்குள் ஒரு சென்சார்

அப்படியானால் தினமும் எழுதச் சொன்னால் போதாதா? அமெரிக்காவில் ஆய்வாளர் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் நாள்பட்ட வலி உள்ள 80 பேரிடம் இதைச் சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் காகித நாட்குறிப்பு, மீதிப் பேருக்குக் கையடக்கக் கணினி. தினம் மூன்று வேளை, 21 நாள் எழுத வேண்டும். காகித நாட்குறிப்பு எப்போது திறக்கப்பட்டது என்பதை, வெளிச்சத்தை உணரும் சென்சார் ஒன்று குறித்துக்கொண்டே வந்தது. சொன்ன நேரத்தில் எழுதியதாகக் காகிதக் குழுவினர் காட்டியது 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11 சதவீதம். கணினி வைத்திருந்தவர்கள் 94 சதவீதம் எழுதினார்கள்.

காகிதத்தில் எழுதியவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலியில் சுருண்டு கிடப்பவருக்கு நோட்டை எடுக்கத் தெம்பு ஏது?

வலி முந்தியா, போதை முந்தியா?

வலியும் போதையும் பின்னிக்கொண்டவர்களிடம் நினைவை நம்பிக் கணக்கெடுப்பது இன்னும் சிக்கல். வலிக்காகக் குடித்தாரா, குடியால் தூக்கம் கெட்டு மறுநாள் வலி கூடியதா? ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி மருந்தின் வேகம் இறங்கும்போது வரும் உடல்வலி பழைய வலியா, மருந்து கேட்கும் வலியா? மாதக் கணக்கில் விசாரித்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மணிக் கணக்கில் பார்த்தால்தான் எது முந்தியது என்பது புலப்படும். அதனால்தான் ஆய்வாளர்கள் செல்போன் வழியே நாளுக்குச் சில முறை சின்னக் கேள்விகள் கேட்கிறார்கள். மணிக்கட்டுக் கருவி தூக்கத்தையும் நடமாட்டத்தையும் பதிகிறது.

போதைப்பொருள் எடுத்ததை ஒருவர் எழுதினால் அது போலீஸ் கைக்குப் போகக் கூடாது. இந்த உறுதி இல்லாமல் யாரும் உண்மை எழுத மாட்டார்கள், எழுதவும் வேண்டாம்.

தலைவலிக்காரர்கள் கவனிக்க

அடிக்கடி தலைவலிக்கு மாத்திரை போடுபவர்கள் இன்றே எழுதத் தொடங்கலாம். தேதி, நேரம், 0 முதல் 10 வரை வலியின் அளவு, போட்ட மாத்திரை. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஓபியாய்டு கலந்தது 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியைத் தரலாம். அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். ஓபியாய்டை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.