ஏற்காட்டில் பறக்கும் நைட்ரோ கார், சேலத்தில் சீஸ் ஆவது ஏன்? கார்புரேட்டர் ட்யூனிங் கைடு

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்-6 விதி வந்ததும் பெரும்பாலான புது டூவீலர்கள் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. டிவிஎஸ் எக்ஸ்.எல் 100 கூட தப்பவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, காதால் சத்தம் கேட்டே மிக்சரை செட் பண்ணும் மெக்கானிக் அண்ணன்களின் வித்தைக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஆனா, அந்த வித்தை இன்னமும் அப்படியே தேவைப்படுகிற ஒரு குட்டி உலகம் இருக்கு. அதுதான் நைட்ரோ ரிமோட் கார்.

பெரிய சைஸான 1/8 ஸ்கேல் ரேஸ் காரில் இருக்கும் இன்ஜின் வெறும் 3.5 சிசி. ஆனா நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றும். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ‘க்ளோ பிளக்’கில் உள்ள பிளாட்டினம் கம்பிச் சுருள், ஒருமுறை பேட்டரியால் சூடேற்றி ஸ்டார்ட் செய்துவிட்டால், பிறகு இன்ஜின் சூட்டிலேயே கனன்றுகொண்டிருக்கும். எரிபொருள் பெட்ரோல் அல்ல. மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூன்றும் கலந்த கலவை.

லீன் ஆனா ஏன் ஆபத்து?

காற்றோடு எரிபொருள் அதிகமாகச் சேர்ந்தால் ‘ரிச்’, குறைவாகச் சேர்ந்தால் ‘லீன்’. ரிச்சாக ஓடினால் புகை அதிகம், பிக்கப் மந்தம், அவ்வளவுதான். லீனாக ஓடும்போது வண்டி சூப்பராகப் பறக்கும். சிக்கலே அங்கேதான். பழைய டூ-ஸ்ட்ரோக் டிவிஎஸ் 50-யில் பெட்ரோலோடு ஆயில் ஊற்றியது ஞாபகம் இருக்கா? அதே கதைதான் இங்கும். எரிபொருள் குறைந்தால், கூடவே வரும் ஆயிலும் குறையும். ஒருபக்கம் சூடு ஏறும், இன்னொருபக்கம் வழவழப்பு போகும். முடிவு, பிஸ்டன் ஸ்லீவில் இறுகி ‘சீஸ்’.

மூணு ஸ்க்ரூ, ஒரே வரிசை

பெரும்பாலான கார்புரேட்டர்களில் ஹை-ஸ்பீடு நீடில், லோ-ஸ்பீடு நீடில், ஐட்லிங் ஸ்க்ரூ என மூன்று இருக்கும. நீடிலை வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் திருகினால் ரிச். முதலில் மேனுவலில் சொன்ன கம்பெனி செட்டிங்கில் வையுங்கள். நீடிலை முழுசாக இறுக்கிவிடாதீர்கள், உள்ளே உட்காரும் இடம் கெட்டுப்போகும்.

முதல் வேலை ஹை-ஸ்பீடு நீடில். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஃபுல் த்ராட்டிலில் நேராக ஓட்டிப் பாருங்கள். பின்னால் மெல்லிய புகைக்கோடு வரணும். புகை அடர்த்தியாக வந்து வண்டி திணறினால் ரிச். அப்போது கடிகார முள் ஒரு மணி நேரம் நகரும் அளவு, அதாவது 12-ல் ஒரு பங்கு சுற்று மட்டும் லீன் செய்யுங்கள். திரும்ப ஓட்டுங்கள். புகையே காணோம், வேகம் ஏறி திடீரென விழுகிறது என்றால் உடனே ரிச் பக்கம் திருப்பணும்.

அடுத்து லோ-ஸ்பீடு நீடில். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் ட்யூபைக் கிள்ளிப் பிடியுங்கள். 2, 3 விநாடி ஓடி, சத்தம் லேசாக ஏறி, பிறகு நின்றால் செட்டிங் சரி. உடனே நின்றால் லீன். நிற்காமல் நீண்ட நேரம் ஓடினால் ரிச். கடைசியாகத்தான் ஐட்லிங் ஸ்க்ரூ. எல்லாம் முடிந்ததும் ஹை-ஸ்பீடை இன்னொருமுறை சரிபாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் மாறும்.

சூடு பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் நல்லது. பொதுவாக இன்ஜின் தலையில் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? தோசைக்கல் டெஸ்ட்தான். இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில விநாடிகளில் கொதித்து ஆவியானால் பரவாயில்லை. பட்டதும் ‘சுர்’ரென்று மறைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மலையும் வெயிலும்

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. காற்று குறைகிறது, நீடில் விடும் எரிபொருளோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் சேலத்தில் சரியாக இருந்த கார் மேலே போனதும் ரிச் ஆகிப் புகையும். ஏற்காட்டுக் குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி இதை ஓரளவு ஈடுகட்டும்; முழுசாக அல்ல. அங்கே லீன் செய்து ஓட்டலாம், தப்பில்லை. ஆனா அதே செட்டிங்கோடு கீழே இறங்கி ஓட்டினால், இங்குள்ள அடர்ந்த காற்றுக்கு எரிபொருள் போதாது. சீஸ் ஆவது இப்படித்தான். நாமக்கல்காரர்களுக்கு கொல்லிமலையிலும் இதே கணக்கு.

மலை ஏறாமலே இது நடக்கும். சித்திரை மதிய வெயிலில் காற்று லேசாக இருக்கும். அப்போது செட் செய்த கார், மறுநாள் விடியற்காலைக் குளிரில் லீனாக ஓடும். எனவே, இடமோ நேரமோ மாறினால் முதலில் கொஞ்சம் ரிச் பக்கம் திருப்பிவிட்டு, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

பாட்டிலில் இருப்பது விஷம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். பாதிக்கப்பட்ட பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு அதே மெத்தனால்தான். சில மில்லி உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம். தோல் வழியாகவும் உடலில் ஏறும். தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு உரிமக் கட்டுப்பாடுகள் இருப்பதால், வீட்டில் கலக்கும் ஆசையே வேண்டாம். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. கையுறை போடுங்கள், திறந்த வெளியில் ஓட்டுங்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், சூடான இன்ஜின் பக்கத்தில் எரிபொருளைச் சிந்தாதீர்கள். ட்யூப் கிள்ளும்போது வீல்கள் தரையில் படாமல் இருக்கட்டும்.

ஓட்டி முடித்ததும் டேங்கில் மிச்சம் வைக்காதீர்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எரிபொருள் தீரும்வரை ஓட்டிவிட்டு, இன்ஜினுக்குள் சில சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டு வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆக அதுதான் வழி.