கைப்பிடிச்சுவர் எங்கே?

விபத்தில் இறந்தவரின் வீட்டுக்குப் போகும்போது நாம் வழக்கமாகச் சொல்வது, "எல்லாம் விதி" என்றோ, "ஆண்டவர் அழைத்துக்கொண்டார்" என்றோதான். ஆறுதல் தரவே இப்படிச் சொல்கிறோம். ஆனால் எல்லா விபத்துகளையும் கடவுளின் கணக்கில் எழுதிவிடலாமா?

விவிலியம் அப்படி எழுதுவதில்லை. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். சுவர் இல்லாமல் யாராவது விழுந்து இறந்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். அக்காலத்து வீடுகளின் கூரை நம் மொட்டைமாடி போன்றதுதான். இராகாபு சணல் தட்டைகளைப் பரப்பி வைத்திருந்ததும், பேதுரு நண்பகலில் செபிக்கச் சென்றதும் அப்படிப்பட்ட மாடியில்தான். அங்கே ஆள் நடமாட்டம் எப்போதும் இருக்கும்.

இக்கட்டளை, விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்று கேட்கவில்லை. மனிதருக்குக் கால் தவறும் என்பதை ஏற்றுக்கொள்கிறது. தவறிய கால் உயிரைப் பறிக்காதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய் என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறது. 1997ஆம் ஆண்டு சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சாலைப் பாதுகாப்புக் கொள்கையின் அடிப்படையும் இதுவே. சாலையில் மனிதர் தவறு செய்வார்கள். அந்தத் தவறுக்கு விலையாக உயிர் போகக்கூடாது. எனவே ஓட்டுபவர் மட்டுமல்ல, சாலையை அமைப்பவரும் பொறுப்பாளியே. இந்தப் பார்வையோடு நம் வாழ்வின் மூன்று இடங்களைப் பார்ப்போம்.

சாலையில்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது அரசின் கணக்கு. அவர்களுள் 100க்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணிந்தால் விபத்தில் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 40 விழுக்காடும், தலைக்காய ஆபத்து ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பின்னால் அமர்பவருக்கும் தலை ஒன்றுதான். ஆனாலும் ஞாயிறு திருப்பலிக்கு வரும் குடும்பங்களில், ஓட்டும் தந்தைக்கு மட்டும் கவசம். பின்னால் தாயும் பிள்ளைகளும் வெறுந்தலையோடு. "கோவில் பக்கத்தில்தானே இருக்கிறது" என்பது நம் சமாதானம். தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் போனால், விழும்போது அது தலையில் நிற்காது.

வேளாங்கண்ணித் திருவிழாவை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் நடந்தே செல்கிறோம். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கிறோம். பின்னால் வரும் லாரியின் ஓட்டுநருக்கு நாம் தெரிகிறோமா? முதுகில் ஒளிரும் பட்டை, முன்னும் பின்னும் விளக்குடன் ஓர் ஆள், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாக வரிசை நடை. இவை பயணத்தின் பக்தியைக் குறைத்துவிடாது.

2007இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகள் உள்ளன. வாகனம் ஓட்டும் நிலையில் இல்லாதவரை அன்போடு தடுக்குமாறு மற்றவர்களை அவற்றுள் ஒன்று கேட்கிறது. திருமண விருந்தில் குடித்துவிட்டு வண்டி எடுப்பவரின் சாவியை வாங்கி வைப்பதும் பிறரன்புப் பணியே.

வேலையிடத்தில்

நம் வீட்டில் ஒருவர் வேலை செய்யும்போது நாம்தான் முதலாளி. செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டால் யாரையாவது அழைத்து இறங்கச் சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சில மூச்சுகளில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் இறப்பது இப்படித்தான்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறையே 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். கழிவுநீர் லாரியை அழைத்துக் குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பதே வழி. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நாமும் இறங்காமல் தீயணைப்புத் துறையை உடனே அழைக்க வேண்டும். இல்லங்களும் பள்ளிகளும் ஆலய வளாகங்களும் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? கோபுரத்துக்கு வண்ணம் பூச ஏறுபவருக்கு உடல்வார் கட்டியிருக்கிறதா என்பதும் பங்கின் பொறுப்பே.

பராமரிப்பில்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாதபடி அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். நம்பி ஒப்படைக்கப்பட்டவரைக் கட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதை அந்தத் தீ நமக்குக் காட்டியது.

வீட்டில் முதியோர் பலர் குளியலறையிலும், இரவில் எழுந்து நடக்கும்போதும் விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கை, படுக்கைப்புண், நுரையீரல் தொற்று என்று தொடர்ந்து, பலர் எழுவதே இல்லை. கழிப்பறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவில் ஒரு சிறு விளக்கு இருந்தால் பல வீழ்ச்சிகளைத் தவிர்க்கலாம். பாட்டியிடம் "பார்த்து நடக்கக்கூடாதா?" என்று கடிந்துகொள்வதைவிட அந்தக் கம்பியைப் பொருத்துவது மேல்.

மருத்துவமனைகளும் இதைக் கற்றுக்கொண்டன. 2008இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான 19 கேள்விகள் கொண்ட பட்டியலைத் தந்தது. நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை, ஒவ்வாமை உண்டா, கருவிகளின் எண்ணிக்கை சரியா என்று குழுவே வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். டில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. எனவே செவிலியர் உங்கள் பெயரை மூன்றாம் முறை கேட்டால் எரிச்சல் கொள்ளாதீர்கள்.

அன்பு இறைமக்களே, அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குவோம். நம் தெருவில், பள்ளி வாசலில், ஆலய வளாகத்தில், முதியோர் இருக்கும் வீடுகளில் எங்கே சுவர் இல்லை என்று ஒவ்வொருவரும் ஓர் இடத்தைச் சொல்வோம். அதை யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று எழுதிக்கொள்வோம். இறந்தவருக்காக மெழுகுதிரி ஏற்றுகிற நாம், இறக்காமல் இருக்க ஒரு சுவரையும் எழுப்புவோமா?