விருந்தினரைக் குறிக்கும் சீன எழுத்து

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்த ஊர் செட்டிபாளையம். அப்பகுதியில் வீடு தேடி வந்தவர்க்கு வெற்றிலை வட்டாவை நீட்டி வரவேற்பது பழைய வழக்கம். அவ்வாறு வருபவரைத் தமிழர் விருந்தினர் என்பர். விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. புதியதாகப் புனையப்படும் செய்யுளையும் தொல்காப்பியர் இப்பெயராற் சுட்டினார். புதுமையைக் குறித்த சொல் புதிதாய் வந்தவர்க்கு ஆகி, பின்பு அவர்க்கு இடும் உணவுக்கும் ஆயிற்று.

சீனர் விருந்தினரை ஓர் எழுத்தாலேயே குறிப்பர். அதன் மேற்பகுதி வீட்டுக் கூரை. கீழ்ப்பகுதி ஒலியைக் காட்டுவது. எனினும் அதன் தொன்மை வடிவில் வந்திறங்கும் பாதம் ஒன்று காணப்படுகிறது. முற்காலத்தில் அப்பகுதி தனித்து நின்று வருதல் என்னும் பொருளையும் தந்தது. ஆகவே, கூரையின்கீழ் வந்து சேர்ந்தவர் என அவ்வெழுத்தை விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வெழுத்து சீன எல்லையோடு நிற்கவில்லை. ஜப்பானியர் இதனைக் ‘கியாகு’ என ஒலித்து, கடைக்கு வரும் வாடிக்கையாளரையும் இதனாற் குறிப்பர். கொரிய மொழியில் இது ‘கேக்’ என வழங்கும். வியட்நாமியர் இன்று உரோமன் எழுத்தைக் கையாண்டாலும், தங்கும் விடுதியைக் குறிக்கும் அவர்தம் சொல்லில் இச்சீனச் சொல்லே முதலில் நிற்கிறது.

ஆயினும், இவ்வெழுத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. வடசீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே குடிபெயர்ந்தோர் ‘ஹக்கா’ எனப்பட்டனர். விருந்தினக் குடும்பத்தார் என்பதே அதன் பொருள். தலைமுறைகள் பல கழிந்தும் அப்பெயர் நீங்கவில்லை. குவாங்டொங் மாகாணத்தில் 1855 முதல் 1867 வரை அவர்களுக்கும் உள்ளூராருக்கும் நிலம் பற்றிக் கொடும்போர் மூண்டது. பின்னாளில் ஹக்கா மக்கள் அப்பெயரையே தம் பெருமையாக ஏற்றனர். சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூ அம்மரபினரே.

இவ்வரலாறு இலங்கையர்க்குப் புறம்பானதன்று. மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்த தமிழருட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமையற்றவராக்கியது. எஞ்சியோர்க்கு அவ்வுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

விருந்தினர் என்பது வந்த நாளில் அன்பின் சொல். நிலத்தில் வேரூன்றிய பின்னரும் ஒருவரை அவ்வாறே அழைப்பின், அது அவரை வாயிலிலேயே நிறுத்திவைக்கும் சொல்லாகிவிடும். புதுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத் தமிழ்ச் சொல்லே உணர்த்துகிறது.