வினாத்தாள் தமிழில், தீர்ப்புகள் ஆங்கிலத்தில்

சட்டத்தரணியாகும் கனவோடு எமது இளைஞர், யுவதிகள் பலர் கொழும்பு, புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியை நாடுகின்றனர். 1874 ஆம் ஆண்டு ஆரம்பமான அக்கல்லூரியின் நுழைவுப் பரீட்சையில் சித்தியெய்துவது முதற்படி மாத்திரமே. மூன்று ஆண்டுப் பரீட்சைகளையும், செய்முறைப் பயிற்சியையும், சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிலுநர் காலத்தையும் கடந்த பின்னரே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய முடியும்.

இப்பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வெளியாகின. கடும் எதிர்ப்பின் மத்தியில், 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவற்றை நிராகரித்தது. தாய்மொழியில் விடை எழுதும் உரிமை காக்கப்பட்டது. ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்த மாணவரின் கையில் என்ன இருக்கின்றது என்பதே எமது கேள்வி.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையையும் 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தையும் தமிழில் படிக்கலாம். ஆயினும் பிரிவுகளை மனனம் செய்வதால் மாத்திரம் சட்டம் கைவராது. அப்பிரிவுகளுக்கு நீதிமன்றங்கள் அளித்த விளக்கங்களைத் தேடினால், சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. எமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் பற்றிய முக்கிய நூல்களின் நிலையும் அதுவே. ஆகவே தமிழ்மொழி மூல மாணவர் ஆங்கிலத்தில் வாசித்து, கலைச்சொல்லைத் தாமே தேடித் தமிழில் எழுதவேண்டியுள்ளது. ஒரே கோட்பாட்டுக்கு ஒவ்வொரு குறிப்பிலும் ஒவ்வொரு சொல். சட்டம் தெரிந்தும் சொல்லில் தடுமாறிப் புள்ளிகளை இழப்போர் உளர்.

மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதால் அம்மொழியறிவு அவசியம் என்போரின் வாதத்தை நாம் மறுக்கவில்லை. அதேவேளை, அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். மன்னாரிலோ சம்மாந்துறையிலோ வழக்காடும் ஏழை விவசாயிக்காகத் தமிழில் வாதிடத் தெரியாத சட்டத்தரணியால் என்ன பயன்?

எனவே, முக்கிய தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கங்களையும் ஒருசீரான கலைச்சொல் தொகுதியையும் சட்டக் கல்விப் பேரவை வெளியிட வேண்டும். தமிழறிந்த சிரேஷ்ட சட்டத்தரணிகள் இப்பணிக்குத் தோள்கொடுக்க வேண்டும். மாணவர்களும் தமிழ்மொழி மூலத்தை ஆங்கிலத்திலிருந்து தப்பும் வழியாகக் கருதலாகாது. நாளுக்கு ஒரு தீர்ப்பையேனும் மூலத்தில் வாசித்து, அதன் சாரத்தைத் தமிழில் எழுதிப் பழகட்டும். தென்னிலங்கையில் தொழில் செய்ய விரும்புவோருக்குச் சிங்களமும் இன்றியமையாதது.

பாராளுமன்றத்தில் காக்கப்பட்ட உரிமை, நூலகத்தில் நூலின்றி வாடிவிடலாகாது.